சுருயி மக்களும் காட்டின் வரைபடமும்

பைத்தேர் சுருயி என்போர் பிரேசில் நாட்டின் மேற்குப் பகுதியில், ரொண்டோனியா, மாத்தோ குரோசோ ஆகிய இரு மாநிலங்களின் எல்லையை ஒட்டிய அமேசான் காட்டில் வாழும் பழங்குடி மக்கள். 'பைத்தேர்' என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். 'உண்மையான மக்கள்' என்பது அதன் பொருள். 'சுருயி' என்பது வெளியார் இட்ட பெயர். அவர்களுடைய மொழி துப்பி மொழிக் குடும்பத்தின் மொந்தே கிளையைச் சேர்ந்தது. வெளியுலகத்தோடு முறையான தொடர்பு ஏற்பட்டு நாற்பது ஆண்டுகள் முடிவதற்குள், செயற்கைக்கோள் படம், கைப்பேசி, ஜிபிஎஸ் ஆகியவற்றைக் கொண்டு தங்கள் காட்டைக் காக்க முனைந்தவர்கள் என்பதால் இவர்கள் உலகின் கவனத்தைப் பெற்றனர். அந்த முயற்சி பாதி வென்றது, பாதி தோற்றது. செய்தித்தாள்களில் வெற்றிப் பகுதி மட்டுமே பெரிதாகப் பேசப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும்.

தந்திக் கம்பியும் தார்ச்சாலையும்

இந்தக் காட்டுக்குள் முதலில் நுழைந்த நவீனத் தொழில்நுட்பம் கணினி அன்று, தந்திக் கம்பி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசில் படை அதிகாரி காந்திதோ ரொண்டோன் மாத்தோ குரோசோவிலிருந்து அமேசானை நோக்கித் தந்திக் கம்பி இழுத்துச் சென்றார். அவரும் பழங்குடி மரபில் வந்தவரே. காட்டு மக்கள் அம்பு எய்தாலும் திருப்பிச் சுடக் கூடாது, சாக நேர்ந்தாலும் கொல்லக் கூடாது என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். 1910-இல் தொடங்கப்பட்ட பழங்குடியினர் பாதுகாப்புப் பணித்துறைக்கு அவரே முதல் தலைவர். ரொண்டோனியா மாநிலத்தின் பெயர் அவர் நினைவாக வைக்கப்பட்டது. அவர் இழுத்த கம்பி சில ஆண்டுகளிலேயே வானொலித் தந்தியால் பயனற்றுப்போனது. ஆனால் கம்பிக்காக வெட்டப்பட்ட தடம் காட்டை விட்டுப் போகவில்லை. 1960-இல் ஏறத்தாழ அதே வழியில் குயாபா நகரத்தையும் போர்த்தோ வெல்யோ நகரத்தையும் இணைத்து ஒரு மண்சாலை போடப்பட்டது. பின்னாளில் அதுவே பி.ஆர்.-364 என்ற தேசிய நெடுஞ்சாலை ஆயிற்று.

1980-களில் உலக வங்கியின் கடனுதவியோடு அந்தச் சாலைக்குத் தார் போடப்பட்டது. 'நிலமில்லாதவர்களுக்கு மக்களில்லாத நிலம்' என்ற பாங்கில் அரசு விளம்பரம் செய்ய, பிரேசிலின் தென்பகுதியிலிருந்து ஏழை உழவர்கள் லாரி லாரியாக வந்து இறங்கினர். 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரொண்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 1,11,000. 1980-இல் அது 4,91,000 ஆகவும், 1991-இல் 11 லட்சத்துக்கு மேலும் உயர்ந்தது. நெடுஞ்சாலையிலிருந்து இருபுறமும் கிளைச்சாலைகள், கிளைச்சாலைகளின் இருபுறமும் வெட்டப்பட்ட காடு என்று விரிந்த அந்த அமைப்பு, வானிலிருந்து பார்த்தால் மீன்முள்ளைப் போலவே இருக்கும். செயற்கைக்கோள் படங்களில் இன்றும் அதைக் காணலாம். கண்டனம் வலுத்ததால் 1985-இல் உலக வங்கி இத்திட்டத்துக்கான பணத்தைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. அதற்குள் சாலை முடிந்துவிட்டது.

நிலத்தில் மக்கள் இருந்தார்கள். 1969 செப்டம்பர் 7 அன்று, பழங்குடியினர் நல நிறுவனமான ஃபுனாயைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ மெய்ரேலெஸ், அவர் மகன் அப்போயேனா மெய்ரேலெஸ் ஆகியோரின் குழு சுருயி மக்களோடு முதல் தொடர்பை ஏற்படுத்தியது. அன்று பிரேசிலின் விடுதலை நாளும்கூட. அதனால்தான் சுருயி மக்களின் நிலத்துக்கு 'செப்டம்பர் ஏழு பழங்குடி நிலம்' என்ற பெயர் அமைந்தது. கத்தியும் கோடரியும் பரிசாக வந்தன. கூடவே தட்டம்மை, சளிக்காய்ச்சல், காசநோய் ஆகியவையும் வந்தன. தொடர்புக்கு முன் தாங்கள் ஐயாயிரம் பேர் வரை இருந்ததாக அம்மக்கள் கூறுகின்றனர். சில ஆண்டுகளில் முந்நூறுக்கும் குறைவானவர்களே எஞ்சினர். ஊரில் இறந்தோரை அடக்கம் செய்யவே ஆளில்லாத நிலை. பெரியவர்கள் இறந்தபோது அவர்களோடு மூலிகை அறிவும், வேட்டைத் தடங்களின் பெயர்களும், சடங்குப் பாடல்களும் போயின. வரைபடம் என்ற ஒன்று பின்னாளில் அவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதை இந்த இழப்பிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

நிலத்தின் எல்லை அரசால் இறுதியாக உறுதிசெய்யப்பட்டது 1983-இல். பரப்பு ஏறத்தாழ 2,48,000 ஹெக்டேர். நம் நீலகிரி மாவட்டம் அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் குடியேறிகள் பலர் உள்ளே நுழைந்து, காட்டை வெட்டிக் காப்பித் தோட்டங்கள் போட்டிருந்தனர். சுருயி மக்கள் போராடி அவர்களை வெளியேற்றினர். காப்பிச் செடிகள் அங்கேயே நின்றுவிட்டன.

ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு தலைவர்

பிரேசில் பழங்குடியினர் வெளியாரின் கருவியைக் கையில் எடுத்தது சுருயிகளோடு தொடங்கவில்லை. 1970-களில் சவாந்தே இனத்தைச் சேர்ந்த மாரியோ ஜுருனா என்ற தலைவர் தலைநகர் பிரசிலியாவுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போவார். நிலம் தருகிறோம், மருத்துவர் அனுப்புகிறோம் என்று அதிகாரிகள் வாக்களிக்கும்போது பதிவுசெய்துகொள்வார். அடுத்த முறை அவர்கள் மறுத்தால் நாடாவைப் போட்டுக் காட்டுவார். எழுதப்படிக்கத் தெரிந்தவர்களின் ஆட்சியில், எழுத்தில் தராத வாக்குக்குச் சாட்சி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1982-இல் பிரேசில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பழங்குடி உறுப்பினர் அவரே.

கயாப்போ மக்கள் 1980-களில் காணொளிக் கேமராவைக் கையாளக் கற்றனர். 1989 பிப்ரவரியில் அல்தாமிரா நகரில், சிங்கு ஆற்றின் அணைத் திட்டத்துக்கு எதிராகக் கூடிய பெருங்கூட்டத்தை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் படமெடுத்தது போலவே, கயாப்போ இளைஞர்களும் தோளில் கேமராவோடு படமெடுத்தனர். அந்த அணைத் திட்டம் அப்போது கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து வேறு பெயரில், வேறு வடிவில் கட்டப்பட்டது என்பது தனிக்கதை.

இடையில், 1988-இல் இயற்றப்பட்ட பிரேசிலின் புதிய அரசியலமைப்பு ஒரு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. அதன் 231-ஆம் பிரிவு பழங்குடியினர் வழிவழியாக வாழும் நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமையை ஏற்கிறது. நிலம் அரசுடைமை. ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமை அம்மக்களுக்கு மட்டுமே உண்டு. சட்டம் இருந்தால் சாட்சிக்கு மதிப்பு உண்டு. பின்னால் வந்த கருவிகளெல்லாம் இந்தப் பிரிவை நம்பியே இயங்கின.

மரம் விற்ற காலம்

வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் விடப்படும் ஒரு பகுதி உண்டு. 1980-களின் இறுதியில் சுருயி தலைவர்கள் சிலர் தாங்களே மரவணிகர்களோடு ஒப்பந்தம் செய்து விலைமதிப்புள்ள மகோகனி போன்ற மரங்களை விற்றனர். இதைக் குற்றமாகப் பார்ப்பது எளிது. பத்திருபது ஆண்டுகளுக்குள் பணப் பொருளாதாரத்துக்குள் தள்ளப்பட்ட மக்களுக்கு மருந்தும் துணியும் வண்டிக் கூலியும் தேவைப்பட்டன. அரசு தரவில்லை, மரவணிகர் தந்தார். கடனும் தந்தார். கடனுக்கு மேலும் மரம் போயிற்று.

இந்தக் காலத்தில் வளர்ந்தவர் அல்மீர் நாராயாமோகா சுருயி. 1974-இல் பிறந்தவர். தம் மக்களில் முதலில் பல்கலைக்கழகம் சென்று உயிரியல் படித்தவர். பதினேழு வயதிலேயே தம் குலத்தின் தலைவர் ஆனார். சுருயி மக்களிடையே காமெப், காப்கீர், மாக்கோர், காபான் என்று நான்கு குலங்கள் உண்டு. ஒரு குலத்தின் தலைவர் சொன்னால் மற்றக் குலங்கள் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை விளங்கும்.

மரம் விற்பதை நிறுத்தச் சொன்னதால் அல்மீருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் அஞ்சவில்லை என்று எழுதுவது வழக்கம். உண்மையில் உயிருக்கு ஆபத்து என்று நாட்டைவிட்டுச் சிறிது காலம் வெளியேறியும் இருக்க வேண்டியிருந்தது. 1989-இல் தொடங்கப்பட்ட மெத்தாரெய்லா என்ற சுருயி சங்கமும், ரொண்டோனியாவைச் சேர்ந்த கனிண்டே என்ற அமைப்பும் சேர்ந்து நிலத்தின் நிலைமையை ஆராய்ந்தன. எங்கே காடு அழிந்தது, எங்கே விலங்கு இருக்கிறது, ஊர்களில் என்ன விளைகிறது என்பதெல்லாம் திரட்டப்பட்டன. அதன் அடிப்படையில் ஐம்பது ஆண்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஒரு மகோகனி முற்றுவதற்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டால் ஐம்பது ஆண்டு பெரிதன்று.

அடுத்து, அமேசான் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பின் துணையோடு பண்பாட்டு வரைபடம் வரையப்பட்டது. முதியவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் தாளில் குறித்தனர். இன்ன ஓடையில் மீன் பிடித்தோம், இந்த மேட்டில் போர் நடந்தது, இங்கே பிரேசில் கொட்டை மரங்கள் நிற்கின்றன, இங்கே முதல் தொடர்பு நிகழ்ந்தது என்று நினைவில் இருந்தவை இடம்பிடித்தன. கணினி வருவதற்கு முன்பே வேலையின் கடினமான பாதி முடிந்திருந்தது எனலாம்.

கணினித் திரையில் தெரிந்த பச்சைத் தீவு

2007-இல் அல்மீர் ஓர் இணைய மையத்தில் கூகுள் எர்த் என்ற செயலியைப் பார்த்தார். தம் நிலத்தைத் தேடிப் பார்த்தபோது, நாற்புறமும் வெட்டவெளியாகிப் பழுப்பேறிய நிலத்துக்கு நடுவே பச்சைத் தீவாக அது தெரிந்தது. ஊரில் நடந்து பார்க்கும் ஒருவருக்குத் தெரியாத காட்சி அது. காட்டுக்குள் நிற்பவருக்கு எல்லாத் திசையிலும் மரம்தான். மேலிருந்து பார்த்தால்தான் முற்றுகை புரியும்.

அதே ஆண்டில் அவர் அமெரிக்காவுக்குச் சென்று கூகுள் நிறுவனத்தினரைச் சந்தித்தார். அந்நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் இருந்த ரெபெக்கா மூர் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு அவர் தலைமையில் ஒரு குழு சுருயி நிலத்துக்கு அருகில் உள்ள காக்கோவால் நகருக்கு வந்து பயிற்சி அளித்தது. தாளில் இருந்த பண்பாட்டு வரைபடம் கணினிக்குள் ஏறத் தொடங்கியது. முதியவர்களின் பேச்சும் படங்களும் இடங்களோடு இணைக்கப்பட்டன. 2012 ஜூன் மாதம் ரியோ நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டையொட்டி அந்த வரைபடம் உலகுக்கு வெளியிடப்பட்டது.

காவல் பணிக்குப் பயன்பட்டது இன்னொரு கருவி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட 'ஓப்பன் டேட்டா கிட்' என்ற கட்டற்ற மென்பொருள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயங்குவது. காகிதப் படிவத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் கேள்விகள் வரும். படம் எடுத்தால் அதனோடு நாள், நேரம், ஜிபிஎஸ் காட்டும் இடம் ஆகியவை தாமே பதிவாகும். காட்டுக்குள் இணைப்பு இல்லாவிட்டாலும் பதிவுகள் கைப்பேசியிலேயே தங்கி, ஊருக்குத் திரும்பியதும் கணினிக்குச் செல்லும். வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையைப் படமெடுத்து அனுப்பினால், 'எங்கோ மரம் வெட்டுகிறார்கள்' என்ற புகார் 'இந்த நாளில் இந்த இடத்தில் இந்த மரம் வெட்டப்பட்டிருந்தது' என்ற சான்றாக மாறுகிறது. ஜுருனாவின் ஒலிநாடா செய்த வேலைதான் இது.

மரத்துக்கு அளவுநாடா

மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதற்குப் பணம் கிடைக்குமா? சுருயி மக்கள் கேட்ட கேள்விகளில் மிகத் துணிச்சலானது இதுவே. 2009-இல் நான்கு குலங்களும் கூடிப் பேசி மரம் வெட்டுவதை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன. நிலம் அரசுடைமை என்றால் அதில் உள்ள மரங்களில் தங்கியிருக்கும் கரியம் யாருடையது என்ற சட்டச் சிக்கல் எழுந்தது. அந்த உரிமை சுருயி மக்களுக்கே உண்டு என்று அதே ஆண்டில் ஒரு சட்ட நிறுவனம் கருத்துரை வழங்கியது.

அளக்கும் முறையைப் பார்க்கலாம். காட்டில் ஆங்காங்கே மாதிரித் துண்டுகள் தேர்ந்தெடுக்கப்படும். ஒவ்வொரு மரத்திலும் மார்பளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், சுற்றளவு எடுக்கப்படும். மரத்தின் வகையைப் பயிற்சி பெற்ற சுருயி இளைஞர்களே சொல்வார்கள். அதற்கு வெளியிலிருந்து வல்லுநர் தேவைப்படவில்லை. விட்டத்திலிருந்து மரத்தின் உலர் எடையையும், அதிலிருந்து கரியத்தின் எடையையும் கணக்கிடலாம். உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கரியம். ஒரு டன் கரியம் எரிந்தால் சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். இது பள்ளி வேதியியலிலேயே வரும் கணக்கு: 44-ஐ 12-ஆல் வகுத்தால் போதும்.

சிக்கலானது அடுத்த படி. இத்திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். அதற்கும் உண்மையில் அழிந்ததற்கும் உள்ள வேறுபாடுதான் விற்பனைப் பொருள். நடக்காத ஒன்றை அளந்து விற்பது இது. இத்தகைய வணிகத்தின் வலிமையும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன.

2012-இல் இத்திட்டம் உலகளவில் ஏற்கப்பட்ட தரச்சான்றுகளைப் பெற்றது. பழங்குடி மக்கள் தாமே முன்னின்று நடத்தி இவ்வகைச் சான்று பெற்ற முதல் திட்டம் என்று அது கொண்டாடப்பட்டது. 2013 செப்டம்பரில் நத்துரா என்ற பிரேசில் அழகுப்பொருள் நிறுவனம் 1,20,000 டன்னுக்கான கரிய வரவை வாங்கியது.

பிளவு

சுருயி நிலத்தை அடுத்து வாழும் சிந்தா லார்கா மக்களின் நிலத்தில் வைரம் கிடைத்ததால் ஏற்பட்ட விளைவுகளை அப்பகுதியினர் அறிவர். 2004-இல் அங்கே சட்டத்துக்குப் புறம்பாக வைரம் தோண்டிய 29 பேர் கொல்லப்பட்டனர். சுருயி நிலத்திலும் தங்கமும் வைரமும் கிடைக்கத் தொடங்கியபோது, கரிய வரவின் பணம் அதனோடு போட்டியிட முடியவில்லை.

கரியப் பணம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, சரிபார்ப்பு முடிந்து, சங்கத்தின் வழியாக, திட்டங்களாக வந்து சேர்வது. மரவணிகரும் சுரங்கக்காரரும் அன்றே கையில் காசு தருபவர்கள். தங்கள் ஊர்களுக்குப் பயன் வரவில்லை, முடிவுகள் ஒரு சிலர் கையில் இருக்கின்றன என்று சுருயி மக்களில் ஒரு பிரிவினரே குற்றம்சாட்டினர். கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த பழங்குடியினர் பணிக்குழு ஒன்றும் இத்திட்டத்தை எதிர்த்தது. காற்றை விற்பது பழங்குடியினரின் வாழ்முறைக்கே எதிரானது என்பது அதன் நிலைப்பாடு. அல்மீர் தரப்பினரோ, எதிர்ப்பின் பின்னால் மரவணிகரின் கை இருப்பதாகக் கூறினர். இரண்டிலும் உண்மை கலந்திருக்க வாய்ப்புண்டு.

சில பகுதிகளில் மரவெட்டு மீண்டும் தொடங்கியது. முன்மதிப்பீட்டைவிட மிகுதியாகக் காடு அழிந்தால் விற்க ஒன்றும் இராது. 2018-இல் கரியத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. செயற்கைக்கோளும் கைப்பேசியும் பழுதாகவில்லை. அவை காட்ட வேண்டியதைச் சரியாகவே காட்டின. காட்டியதைக் கண்ட பிறகு, அரசு உள்ளே வந்து சுரங்கக்காரரை வெளியேற்றியிருக்க வேண்டும். குலங்களுக்கிடையே பங்கீட்டைப் பற்றிய உடன்பாடு நிலைத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அண்டை நிலத்தில் ட்ரோன்

ரொண்டோனியாவிலேயே உரு-எவ்-வாவ்-வாவ் மக்களின் நிலம் இருக்கிறது. பரப்பு 18 லட்சம் ஹெக்டேருக்கு மேல். காவல் காக்க வேண்டியவர்கள் சில நூறு பேர்தான். அரசின் தொடர்பு அவர்களுக்கு ஏற்பட்டது 1981-இல். வெளியாரைச் சந்திக்க விரும்பாத குழுக்கள் இன்னும் அந்தக் காட்டுக்குள் வாழ்கின்றன. இவ்வளவு பெரிய நிலத்தைக் கால்நடையாகச் சுற்றி வருவது ஆகாத காரியம்; ஆயுதத்தோடு நிற்கும் ஆக்கிரமிப்பாளரை நெருங்குவதும் ஆபத்து. 2019 இறுதியில் கனிண்டே அமைப்பும் உலக இயற்கை நிதியமும் ட்ரோன் ஓட்டப் பயிற்சி அளித்தன. விரைவிலேயே புதிதாக வெட்டப்பட்ட வெளிகளை அவர்கள் வானிலிருந்து படம்பிடித்தனர். பிதாத்தே என்ற இளந்தலைவரின் காலத்தில் காவல் குழு இவ்வாறு புதுமுகம் பெற்றது.

அந்தக் குழுவில் இருந்த அரி உரு-எவ்-வாவ்-வாவ் ஓர் ஆசிரியரும்கூட. ஆக்கிரமிப்புகளைக் கண்டு பதிவுசெய்து வந்தவர். 2020 ஏப்ரலில் சாலையோரத்தில் பிணமாகக் கிடந்தார். அடிபட்டு இறந்திருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்தே ஒருவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

பெருந்தொற்றுக் காலத்தில் வெளியார் யாரும் ஊருக்குள் வர வேண்டாம் என்று உரு-எவ்-வாவ்-வாவ் மக்கள் முடிவுசெய்தனர். அப்போது அங்கே ஓர் ஆவணப்படம் எடுக்கப்பட்டு வந்தது. படக்குழு உள்ளே போக முடியாததால், கேமரா ஊருக்கு அனுப்பப்பட, மீதியை அவர்களே எடுத்தனர். 'தி டெரிட்டரி' என்ற அந்தப் படம் 2022-இல் வெளியாகிப் பரிசுகள் பெற்றது. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின் தொடக்க விழாவில் பேசிய ச்சாய் சுருயி, அல்மீரின் மகள். தம் நண்பர் அரி கொல்லப்பட்டதை அந்த மேடையில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் சொன்னார்.

எதிர்த்தரப்பின் கையிலும் வரைபடம்

போர்த்துக்கீச மொழியில் நில அபகரிப்புக்கு 'கிரிலாஜெம்' என்று பெயர். 'கிரிலு' என்றால் சிள்வண்டு வகைப் பூச்சி. போலிப் பத்திரத்தைப் பெட்டிக்குள் இந்தப் பூச்சிகளோடு போட்டு வைத்தால், சில நாளில் மஞ்சளித்து அரிபட்டுப் பழைய பத்திரம்போல் ஆகிவிடும் என்பதால் வந்த சொல் அது. இன்று பூச்சி தேவையில்லை. 2012-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி, ஒவ்வொரு நிலக்காரரும் தம் நிலத்தின் எல்லையை இணையத்தில் தாமே பதிய வேண்டும். சுற்றுச்சூழல் விதிகளைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு அது. உடைமைச் சான்று ஆகாது. ஆனால் பழங்குடி நிலத்துக்குள்ளேயே எல்லை வரைந்து பதிந்துகொண்டு, அந்தப் பதிவைக் காட்டி நிலத்தை விற்றவர்கள் உண்டு. 2021-இல் பி.பி.சி. நடத்திய புலனாய்வில், உரு-எவ்-வாவ்-வாவ் நிலத்தின் துண்டுகள் ஃபேஸ்புக்கில் விற்பனைக்கு விளம்பரம் செய்யப்பட்டிருந்தது வெளியானது. ஜிபிஎஸ் இருதரப்புக்கும் ஒன்றுதான்.

அரசின் கையில் இருந்ததோ இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கண். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே 1988 முதல் ஆண்டுதோறும் அமேசானின் காடழிப்பை அளந்து வருகிறது. 2004-இல் சுமார் 27,800 சதுர கிலோமீட்டராக இருந்த காடழிப்பு, 2012-இல் 4,600-ஐ ஒட்டிக் குறைந்தது. விரைவு எச்சரிக்கை முறையும், அதைக் கேட்டுக் களத்துக்குப் போன அதிகாரிகளும் இதற்குப் பெருங்காரணம். 2019-இல் காடழிப்பு ஏறுவதாகப் புள்ளிவிவரம் வந்தபோது, அப்போதைய குடியரசுத் தலைவர் போல்சனாரோ அதை நம்ப மறுத்தார். இன்பேயின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ பதவி இழந்தார். 2021-இல் காடழிப்பு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. இரண்டு காலத்திலும் மேலே சுற்றிய செயற்கைக்கோள்கள் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

படகில் போன எச்சரிக்கை

பெரு நாட்டின் லொரெத்தோ பகுதியில் நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். 76 பழங்குடி ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 36 ஊர்களுக்கு மட்டும் செயற்கைக்கோள் எச்சரிக்கைகள் கிடைக்கும்படி செய்தனர். இணையம் எட்டாத ஊர்கள் பல. ஆகவே எச்சரிக்கைகளை யுஎஸ்பி குச்சியில் ஏற்றிப் படகில் கொண்டுபோய்க் கொடுத்தனர். ஊரார் தேர்ந்தெடுத்த காவலர்கள் அதைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, குறித்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்து, ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள். என்ன செய்வது என்பதைக் கூட்டமே முடிவுசெய்தது. காவலர்களுக்குக் கூலியும் உண்டு. முதல் ஆண்டில் இந்த ஊர்களில் காடழிப்பு 52 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 21 விழுக்காடும் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு முடிவு கூறுகிறது.

எக்குவடோரில் சினாங்கோயே ஊரைச் சேர்ந்த கோஃபான் மக்கள், தங்கள் ஆற்றின் தலைப்பகுதியில் தங்கம் தோண்ட இயந்திரங்கள் இறங்கியதை ட்ரோன் படங்களாலும் தானியங்கிக் கேமராக்களாலும் பதிவுசெய்து நீதிமன்றம் சென்றனர். 2018-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 52 சுரங்க உரிமங்கள் செல்லாதவை ஆயின. 2022-இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. படங்களைக் கேட்க ஒரு நீதிபதி இருந்தார்.

காப்பிச் செடிகள்

கரியத் திட்டம் நின்ற பிறகும் சுருயி மக்கள் தங்கள் நிலத்திலேயே இருக்கிறார்கள். முந்நூறுக்கும் கீழே போன மக்கள்தொகை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மரக்கன்றுகள் நடுவதும் காட்டைச் சுற்றி வருவதும் தொடர்கின்றன. குடியேறிகளை வெளியேற்றியபோது எஞ்சிய காப்பித் தோட்டங்களை, ஆக்கிரமிப்பின் அடையாளம் என்று சிலர் வெட்டி எறிந்தனர். வேறு சிலர் விட்டுவைத்தனர். விட்டுவைத்த குடும்பங்கள் இப்போது நல்ல தரமான ரொபஸ்டா காப்பி விளைவிக்கின்றன. பிரேசிலின் பெரிய காப்பி நிறுவனம் ஒன்று அதை நேரடியாக வாங்குகிறது. காட்டு மரங்களின் நிழலில் வளரும் செடிகள் அவை. விளைச்சலுக்கான பணம் அறுவடை முடிந்ததும் அந்தந்தக் குடும்பத்துக்கே வந்து சேர்கிறது.